13 வயதும் இரவு பதினொன்றரை மணியும்: படுத்தால் ஏன் தூக்கம் வருவதில்லை?

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தாயிற்று. பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறான் எட்டாம் வகுப்புப் பையன். பத்தேகாலுக்குப் பாத்ரூம். பத்தேமுக்காலுக்கு "ஃபேன் சத்தம் போடுது" என்கிறான். பதினொன்றரை வாக்கில் ஒருவழியாக அசைவு அடங்குகிறது. காலை ஆறு மணிக்கு எழுப்பப் போனால் கட்டை மாதிரி கிடக்கிறான். மூன்றாவது தடவை உலுக்கினால்தான் ஒரு கண்ணாவது திறக்கிறது.

12 முதல் 14 வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது சகஜம். வீட்டுக்குள் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, "எல்லாம் அந்த செல்போனால வந்தது." இன்னொன்று, "வேணும்னே பண்றான், திமிரு." முதலாவதில் பாதி உண்மை உண்டு. இரண்டாவதில் பெரும்பாலும் இல்லை. இந்த வயதில் உடம்புக்குள் ஓடும் கடிகாரமே பின்னால் நகர்கிறது. அது எப்படி நகர்கிறது என்று தெரிந்தால்தான் எதைப் பிடித்து இழுத்தால் அது முன்னால் வரும் என்பதும் தெரியும். முதலிலேயே சொல்லிவிடலாம்: பிடித்து இழுக்க வேண்டிய இடம் இரவில் இல்லை, காலையில் இருக்கிறது.

தூக்கம் வர இரண்டு வேலைகள் நடக்க வேண்டும்

சுவிட்சர்லாந்தின் ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த ஒரு விளக்கம்தான் இன்றுவரை தூக்க மருத்துவத்தின் அடிப்படை. தூக்கத்தை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் சேர்ந்து கொண்டுவருகின்றன என்கிறது அது.

1. தூக்க அழுத்தம். இதைத் தூக்கப் பசி என்றும் சொல்லலாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. சேரச் சேரக் கண் சொக்கும். தூங்கினால் அது கரையும். சாயங்காலம் பஜ்ஜி தின்றவனுக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது அல்லவா? ஐந்து மணிக்கு ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்த பிள்ளைக்கும் அதே கதைதான்.

2. உடல் கடிகாரம். கண்ணிலிருந்து வரும் இரண்டு நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது விழிப்பு, எப்போது தூக்கம், எப்போது உடல் சூடு இறங்க வேண்டும் என்று அது நேரம் குறித்துத் தருகிறது. இருட்டிய பிறகு மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும்படி பினியல் சுரப்பிக்குச் சொல்வதும் அதுவே. நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு மெலடோனின் ஏறத் தொடங்கும். மெலடோனின் நம்மை அடித்துப் போடும் மயக்க மருந்து இல்லை. 'உள்ளே இரவு தொடங்கிவிட்டது' என்று தண்டோரா போடுகிற ஆள், அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே நேரத்தில் கைகோர்த்தால் படுத்த பத்து, பதினைந்து நிமிடத்தில் தூக்கம் வரும். ஒன்று தயாராகி மற்றது தயாராகாவிட்டால் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான்.

இதில் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் கடிகாரம் விழிப்பை மிக வலுவாகத் தாங்கிப் பிடிக்கிறது. இஸ்ரேலின் பெரெட்ஸ் லாவி 1986-இல் இதைச் சோதனையில் காட்டி, 'தூக்கத்துக்குத் தடைசெய்யப்பட்ட மண்டலம்' என்றே பெயர் வைத்தார். நாள் முழுக்கச் சோர்ந்து கிடந்த பிள்ளை இரவு எட்டரைக்கு மேல் திடீரென்று சுறுசுறுப்பாகி வளவளவென்று பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த மண்டலம்தான். பதினொன்றரைக்குத் தூங்கிப் பழகிய உடம்பை ஒன்பதரைக்குப் படுக்க வைத்தால், நாளின் மிக விழிப்பான நேரத்தில் இருட்டறையில் கிடத்துகிறோம் என்று பொருள். "கண்ணை மூடிப் படு, தானா வரும்" என்பது அங்கே எடுபடாது.

பூப்பெய்தும் வயதில் என்ன மாறுகிறது?

அமெரிக்காவின் மேரி கார்ஸ்காடன் 1970-களிலிருந்து பதின்வயதினரின் தூக்கத்தை ஆராய்ந்து வருபவர். பருவமடைதல் முன்னேற முன்னேறப் பிள்ளைகள் 'இரவுப் பறவை' பக்கம் சாய்கிறார்கள் என்பதை அவருடைய குழு 1993-இல் வெளியிட்டது. அதன் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, கடிகாரம் பிந்துகிறது. மெலடோனின் ஏறும் நேரமே தள்ளிப்போகிறது. இந்தப் பின்னகர்வு 20 வயது வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தையே பதின்பருவம் முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்ளலாம் என்று ஜெர்மனியின் டில் ரோனபெர்க் 2004-இல் எழுதினார்.

இரண்டாவது, தூக்கப் பசி மெதுவாக ஏறுகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே தலை சாய்ந்த பிள்ளை, பதினாலில் பதினொரு மணிவரை தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தூக்கத்தின் தேவை மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்ன கணக்கு. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம்.

இது செல்போன் காலத்து வியாதியா? ரீசஸ் குரங்குகளிலும் எலிகளிலும்கூடப் பருவமடையும் காலத்தில் இதே மாதிரிப் பின்னகர்வு பதிவாகியிருக்கிறது. குரங்குக்கு ரீல்ஸ் கிடையாது. ஆனால் இயற்கை ஒரு மணி நேரம் தள்ளினால் அதை இரண்டரை மணி நேரமாக இழுத்துவிடும் வேலையை நம் வீட்டு வெளிச்சமும் திரையும் செய்கின்றன.

வெளிச்சம்தான் சாவி

மனிதரின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஓடுகிறது. சும்மா விட்டால் தினமும் கொஞ்சம் பிந்தும். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் தட்டிச் சரிசெய்கிறது. இதற்காகவே விழித்திரையில் தனி உணரிகள் உண்டு என்பது 2002-இல் உறுதியானது. அவை பார்ப்பதற்கானவை அல்ல, வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கானவை. நீலச் சாயல் வெளிச்சத்துக்கு அதிகம் துடிப்பவை.

விதி எளிமையானது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும், அன்று இரவு சீக்கிரம் தூக்கம் வரும். ராத்திரி வெளிச்சம் பின்னே தள்ளும்.

அளவைப் பாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். வெயில் நாளில் திறந்தவெளியில் பல பத்தாயிரம் லக்ஸ். மேகமூட்டமான நாளில்கூடச் சில ஆயிரம். நம் வீட்டு ஹாலில் டியூப்லைட் போட்டால் நூறு இருநூறு. காலையில் ஜன்னல் திரையை மூடியே வைத்து, டியூப்லைட்டில் குளித்துச் சாப்பிட்டு வேனில் ஏறும் பிள்ளைக்கு உண்மையான விடியலே நடப்பதில்லை. பிரகாசமான வெள்ளை எல்இடி விளக்குக்குக் கீழே பத்துமணிவரை வீட்டுப்பாடம் எழுதுவதால், உண்மையான அந்தியும் நடப்பதில்லை. பருவமடைதலின் தொடக்கத்திலும் நடுவிலும் இருப்பவர்களுக்கு, அதைத் தாண்டியவர்களைவிட, இரவு வெளிச்சத்தில் மெலடோனின் அதிகமாக அமுங்குகிறது என்பதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அண்ணனைப் பாதிக்காத அதே விளக்கு தம்பியைப் பாதிக்கலாம்.

செல்போனில் தனியாக இரண்டு தொல்லைகள். திரை வெளிச்சம் ஒன்று. ஆனால் அறையின் மேல்விளக்கோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சிறியது. பெரிய தொல்லை உள்ளே ஓடுவது. முடிவே இல்லாத வீடியோக்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டை, 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.' இவை நேரத்தையும் தின்கின்றன, மூளையையும் உசுப்புகின்றன. நீல ஒளி வடிகட்டும் கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனையும் கையில் கொடுப்பது, ஓட்டைக் குடத்துக்கு மூடி போடுவதுதான்.

ஒரு வாரக் கணக்கு

தொடக்கத்தில் பார்த்த எட்டாம் வகுப்புப் பையனையே எடுத்துக்கொள்வோம். வார நாட்களில் 11:30-க்குத் தூங்கி 6:00-க்கு எழுகிறான். ஆறரை மணி நேரம். அவனுக்கு ஒன்பது மணி நேரம் தேவை என்று வைத்தால் நாளொன்றுக்கு இரண்டரை, ஐந்து நாளில் பன்னிரண்டரை மணி நேரக் கடன். சனி இரவு 12:30-க்குப் படுத்து ஞாயிறு 10 மணிக்கு எழுகிறான். "பாவம், தூங்கட்டும்" என்று விடுகிறோம்.

வார நாளில் அவன் தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 2:45. ஞாயிற்றுக்கிழமை 5:15. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். சென்னைக்கும் ரியாத்துக்கும் உள்ள நேர வித்தியாசமும் அதேதான். ஆக, பையன் ஒவ்வொரு சனிக்கிழமையும் சவூதி போய், திங்கட்கிழமை காலை ஊர் திரும்புகிறான். விசா, டிக்கெட் எதுவும் இல்லாமல். இதைச் சமூக நேரப் பிறழ்வு என்கிறார்கள். ஞாயிறு இரவு தூக்கம் வராததும், திங்கள் காலை வயிற்று வலி என்று சொல்வதும் பல வீடுகளில் இதனால்தான்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது

மருந்தோ யோசனையோ தேடும் முன் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி டீ, இரவில் என்ன தொந்தரவு. பிள்ளையே எழுதினால் நல்லது. ராத்திரி கடிகாரத்தை முறைத்துப் பார்த்து எழுதக் கூடாது. காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும். நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றோ இரண்டோ தெரியும்.

1. கடிகாரம் பிந்திய வகை. ஒன்பதுக்குப் படுத்தாலும் பத்தரைக்குப் படுத்தாலும் தூக்கம் வருவது ஒரே நேரத்தில். விடுமுறையில் தன் இஷ்டத்துக்கு விட்டால் நன்றாகத் தூங்கி, தானாக எழுந்து, தெளிவாக இருக்கும். இந்த வயதில் அடிக்கடி காண்பது இதுதான்.

2. தூக்கப் பசி கெட்ட வகை. பள்ளிவிட்டு வந்ததும் நீண்ட தூக்கம், அல்லது மாலைக் காபி, அல்லது நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது.

3. மனம் அடங்காத வகை. படுத்த உடனே நாளைய டெஸ்ட், வகுப்பில் ஒருவன் சொன்ன சொல், 'இன்னிக்கும் தூக்கம் வராதோ' என்ற பயம். அத்தை வீட்டு சோபாவில் சட்டென்று தூங்கிவிடும் பிள்ளை, சொந்தக் கட்டிலில் மட்டும் விழித்துக் கிடந்தால், கட்டிலே விழிப்போடு முடிச்சுப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

4. உடம்பு தொந்தரவு தரும் வகை. குறட்டை, மூக்கடைப்பு, அரிப்பு, இரவு இருமல், கால் குடைச்சல். இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

என்ன செய்வது: நடக்கிற வரிசையில்

1. எழும் நேரத்தை ஆணியடித்து நிறுத்துங்கள். தூங்கும் நேரத்தை யாராலும் கட்டளையிட முடியாது. எழும் நேரத்தை முடியும். வார நாளில் 6 என்றால் ஞாயிறு 7, மிஞ்சினால் ஏழரை. முதல் இரண்டு வாரம் இது கொடுமையாகத் தோன்றும். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

2. எழுந்த அரை மணிக்குள் வெளியே. மொட்டை மாடி, வாசல், பால் வாங்கக் கடைக்கு நடை, எதுவானாலும் சரி. இருபது முப்பது நிமிடம் திறந்தவெளி வெளிச்சம் முகத்தில் பட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. நமக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சென்னையில் ஜனவரியில்கூட 6:35 வாக்கில் சூரியன் வந்துவிடுகிறது, ஜூனில் 5:45-க்குள். குளிர்காலத்தில் இருட்டில் பள்ளிக்குப் போகும் வட ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இந்த மருந்து இலவசமாகக் கிடைப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. உடல் சூடு மிகக் குறைவாக இருக்கும் ஒரு நேரம் உண்டு, இயல்பாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அதற்குப் பிறகு படும் வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன்பே பட்டால் பின்னே தள்ளிவிடும். விடுமுறையில் அதிகாலை 3 மணிக்குத் தூங்கி மதியம் எழும் அளவுக்குப் பிந்தியவரை ஆறு மணி வெயிலில் நிறுத்தினால் நிலைமை மோசமாகலாம். அப்படிப்பட்டவருக்கு எழும் நேரத்தைப் படிப்படியாகத்தான் முன்னே கொண்டுவர வேண்டும், அதுவும் தூக்க மருத்துவம் தெரிந்த டாக்டர் துணையோடு.

3. படுக்கும் நேரத்தை முதலில் தள்ளிப்போடுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். நம் பையன் எப்படியும் பதினொன்றரைக்குத்தான் தூங்குகிறான். ஒன்பதரையிலிருந்து அதுவரை கிடப்பது தூக்கமில்லை, தவிப்பு. எனவே முதல் வாரம் 11:15-க்குப் படுக்கட்டும். தூக்கத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை. தவிப்பு மட்டும் குறைகிறது. தொடர்ந்து நாலைந்து இரவு, படுத்து இருபது நிமிடத்துக்குள் தூங்கினால் 11:00 ஆக்குங்கள். அப்புறம் 10:45. கால் மணி நேரம் கால் மணி நேரமாக வந்தால் ஒரு மாதத்தை ஒட்டி பத்து மணியைத் தொடலாம். பத்துக்கும் ஆறுக்கும் நடுவே எட்டு மணி நேரம். தேவையின் கீழ்க்கோடு அது, ஆனாலும் ஆறரையைவிட எவ்வளவோ மேல். பெரியவர்களுக்குச் செய்வதுபோலத் தூங்கும் மணி நேரத்தையே வெட்டுவதை இந்த வயதில் வீட்டில் முயலக் கூடாது.

4. இருபது நிமிட விதி. வரவில்லையா, எழுந்துவிட வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்த கதைப் புத்தகமோ படம் வரைவதோ. கண் சொக்கினால் திரும்பப் படுக்கை. 1972-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை இது, படுக்கைக்கும் விழிப்புக்கும் விழுந்த முடிச்சை அவிழ்ப்பதற்காக. கட்டிலிலேயே படிப்பது, சாப்பிடுவது, விளையாடுவது எல்லாம் நின்றால்தான் இது பலிக்கும். தனி அறை இல்லாத வீடுகள்தானே நமக்குப் பாதி, எப்படி முடியும் என்று கேட்கலாம். பாய் போடும் வீட்டில் இது இன்னும் சுலபம். காலையில் சுருட்டி மூலையில் வைத்த பாய் இரவில்தான் விரிகிறது. அதன்மேல் வேறு வேலையே நடப்பதில்லை.

5. மாலைத் தூக்கம், மாலைக் காபி. பள்ளிக்கும் ட்யூஷனுக்கும் நடுவில் தள்ளாடினால் இருபது நிமிடம், அலாரம் வைத்து, ஐந்து மணிக்குள். அதற்கு மேல் வேண்டாம். காபியில் உள்ள காஃபின், அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு தூக்கப் பசியை மறைக்கிறது. உடம்பில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து மணி டிகாஷனில் பாதி, பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. டீ, கோலா, சாக்லேட்டிலும் அது உண்டு. எனர்ஜி டிரிங்க்கை வாங்கித் தரவே வேண்டாம். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அந்தக் கேனிலேயே அச்சிட்டிருக்கிறது.

6. கடைசி ஒரு மணி நேரம். மேல்விளக்கை அணைத்து, மஞ்சள் நிற மேசை விளக்கு. போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பா அம்மா போனும் சேர்த்து. பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்ற சாக்கை ஒரு சாதாரண டைம்பீஸ் வாயடைத்துவிடும்.

7. கவலையை முன்கூட்டியே இறக்குங்கள். சாப்பாட்டுக்கு முன், ஏழு எட்டு மணி வாக்கில் பத்து நிமிடம். மனதில் ஓடுவதை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நாளைக்கு என்ன செய்யலாம் என்று ஒரு வரி. 'கணக்கு டெஸ்ட், மூணாவது பாடம் புரியல' என்றால் எதிரே 'காலைல ப்ரேக்ல மிஸ்கிட்ட கேட்கணும்.' படுக்கையில் அதே எண்ணம் வந்தால் அதற்குத் தாளில் பதில் இருக்கிறது. பகலில் யாரும் காது கொடுக்காத பிள்ளைதான் ராத்திரி பத்தரைக்குத் தண்ணீர் கேட்டு எழுந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

8. சூடு. உடலின் உட்சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும். சித்திரை வைகாசியில் மேல்மாடி அறையின் காங்கிரீட் கூரை பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கும் கக்கும். அங்கே படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது உளவியல் இல்லை, கூரை. முடிந்தால் அந்த இரண்டு மாதம் கீழே படுக்கட்டும். படுக்க ஒரு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும் உதவும். வெந்நீர் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து, உட்சூடு வெளியேற வழி செய்கிறது.

மாத்திரை, சிரப், ஜாதிக்காய்

மெலடோனின் இப்போது பழச்சுவை மிட்டாயாகவே விற்கிறது. கடிகாரத்தை முன்னகர்த்த அதைச் சரியான நேரத்தில், குறைந்த அளவில் டாக்டர்கள் பயன்படுத்துவது உண்டு. ஆனால் நேரம் தவறினால் பயனில்லை, டப்பாவில் எழுதியதை நம்பவும் முடியாது. கனடாவில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்த 2017 ஆய்வில், சொன்னதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. டாக்டர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

தூக்கம் வரும் என்று சளி சிரப்பை ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மருந்து தரும் அந்த மயக்கம் மறுநாள் வகுப்பிலும் தொடரும். கடிகாரம் ஒரு நிமிடமும் நகராது. பாட்டி வைத்தியத்தில் வெதுவெதுப்பான பாலால் கெடுதல் இல்லை. அதில் ஜாதிக்காய் உரசுவதானால் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. அளவு மீறிய ஜாதிக்காய் படபடப்பு, வாந்தி, மனக் குழப்பம்வரை கொண்டுபோகும் நஞ்சு.

டாக்டரிடம் எப்போது?

மேற்சொன்னதை நாலைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் போகலாம். கீழே உள்ளவை இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

1. தினமும் சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, வாயால் மூச்சு விடுவது. டான்சிலோ மூக்கின் பின்பக்க அடினாய்டோ வீங்கி அடைத்திருக்கலாம்.

2. படுத்ததும் காலில் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல இருந்து, ஆட்டினால்தான் நிம்மதி. "வளர்ற வயசு, அப்படித்தான்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டுப் போகிறோம். இதற்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தசோகை இல்லாமலே இரும்பின் இருப்பு குறைந்திருக்கலாம்.

3. பிடித்த விளையாட்டு, நண்பர்கள் எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது, காரணமில்லாத அழுகை, மதிப்பெண் திடீர்ச் சரிவு, பள்ளிக்குப் போகவே பயம், 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு. இங்கே தூக்கமின்மை ஓர் அறிகுறி மட்டும். யாராவது வகுப்பில் மிரட்டுகிறார்களா என்று கேட்பது உட்பட, பேச வேண்டியவை வேறு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416, எந்நேரமும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் பேச்சு இருந்தால் அன்றே மருத்துவமனை.

4. ஆஸ்துமா, கவனக்குறைவுச் சிக்கல் (ஏடிஎச்டி) போன்றவற்றுக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள். சில மருந்துகள் எடுக்கும் நேரத்தை மாற்றினாலே தூக்கம் திரும்பும். அதை நீங்களாக மாற்றாமல் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பள்ளி மணியும் வேனும்

பிள்ளை, வீடு, டாக்டர் மூவரும் சரியாகச் செய்தாலும் நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டது. கலிஃபோர்னியா அதைச் சட்டமாக்கி, உயர்நிலைப் பள்ளிகளுக்கு 8:30, நடுநிலைப் பள்ளிகளுக்கு 8:00 என 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. சியாட்டிலில் 2016-இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தைத் தள்ளியபோது மாணவர்களின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியது. சிங்கப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி 7:30-ஐ 8:15 ஆக்கியது. ஒரு மாதத்தில் படுக்கையில் இருக்கும் நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது, ஒன்பது மாதம் கழித்து அளந்தபோது தூக்கம் 10 நிமிடம் கூடியிருந்தது. நேரத்தை மாற்றுவது உதவுகிறது, ஆனால் வீட்டில் படுக்கும் நேரமும் கூடவே நழுவினால் லாபம் கரைகிறது.

இந்தியாவில் மகாராஷ்டிர அரசு 2024-இல், நான்காம் வகுப்புவரை 9 மணிக்கு முன் பள்ளி வேண்டாம் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளைகள் இயல்பாகவே சீக்கிரம் எழுகிறவர்கள். கடிகாரம் பிந்தியவர்கள் அவர்களுடைய அக்காவும் அண்ணனும்.

நம் ஊரில் பள்ளி மணியைவிட வேன் மணிதான் பிள்ளையை எழுப்புகிறது. எட்டே முக்கால் பள்ளிக்கு 6:50-க்கே வேனில் ஏறும் பிள்ளைகள் உண்டு, வேன் சுற்றும் வழியில் அந்தத் தெரு முதலாவதாக இருப்பதால். காலை ஸ்பெஷல் கிளாஸ், அதிகாலை கோச்சிங் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேட்கலாம். பாதையைத் திருப்பிப்போட்டு, ஒரு பருவத்துக்கு இந்தத் தெரு முதலில், அடுத்த பருவத்துக்குக் கடைசியில் என்று வைத்தால், நம் பையன் ஆறுக்குப் பதிலாக ஆறரைக்கு எழலாம். அந்த அரை மணி நேரத்தைப் பெற ராத்திரிப் பக்கம் இரண்டு வாரம் போராட வேண்டியிருக்கும்.